மூளைக் காயம் மாறாது, தசை மாறும்: பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சை ஏன் நேரத்தோடு நடக்கவேண்டும்?

பெருமூளை வாதம் உள்ள ஒரு பிள்ளைக்கு 3 வயதில் கால் ஓரளவு எளிதாக மடங்கி நீளும். 10 வயதில் அதே கால் விறைத்துப்போய், குதிகால் தரையில் படாமல் நிற்கலாம். பார்ப்பவர்கள் "நோய் முத்திடுச்சு போல" என்பார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளையின் மூளையில் உள்ள காயம் பெரிதாகவில்லை. பிறந்த சமயத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. மாறியது தசை.

இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் சிகிச்சைகள் எல்லாம் எதற்காக என்பது விளங்கும். எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம் என்பதும் தெரியும்.

பெருமூளை வாதம்னா என்ன?

வளரும் மூளையில் ஏற்படும் காயத்தாலோ மாற்றத்தாலோ உடல் அசைவும் நிலையும் பாதிக்கப்படுவதே பெருமூளை வாதம். அந்தக் காயம் கருவிலேயே ஏற்படலாம். பிரசவத்தின்போதோ பிறந்த முதல் சில ஆண்டுகளிலோகூட ஏற்படலாம். வசதிபடைத்த நாடுகளில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறக்குறைய 2 பேருக்கு இது உண்டு. சிறுவயதில் தொடங்கும் உடற்குறைகளில் இதுதான் ஆக அதிகம்.

இது தொற்றுநோய் அல்ல. தசைநோயும் அல்ல. பெரும்பாலும் யாருடைய தவறும் இல்லை.

இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1860களில் இதைப் பற்றி விரிவாக எழுதியபோது பிரசவச் சிக்கல்களையே முக்கியக் காரணமாகச் சொன்னார். அந்த எண்ணம் நூறு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. இன்று தெரிவது வேறு. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிரசவத்துக்கு முன்பே பாதிப்பு தொடங்கிவிடுகிறது. குறைமாதப் பிறப்பு, கருவிலேயே ஏற்படும் பக்கவாதம், கிருமித்தொற்று எனக் காரணங்கள் பல. ஆகவே "மாசமா இருக்கும்போது நீ ஒழுங்கா இருந்திருந்தா..." என்று தாயைக் குறைசொல்வதில் அர்த்தமே இல்லை.

சில காரணங்களைத் தடுக்கவும் முடிகிறது. சிங்கப்பூரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. பிறந்த குழந்தைக்குக் கடுமையான மஞ்சள்காமாலை வந்தால் மூளை பாதிக்கப்பட்டுப் பெருமூளை வாதம் வரலாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு அந்த ஆபத்து அதிகம். பேராசிரியர் வோங் ஹோக் பூனின் ஆய்வுகள் அந்தத் தொடர்பைக் காட்டின. 1965ஆம் ஆண்டிலிருந்து இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தச் சோதனை செய்யப்படுகிறது. அத்தகைய பாதிப்பு அதன்பின் வெகுவாகக் குறைந்தது. ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தையின் துணிகளுக்கு நடுவே பாச்சை உருண்டை வைக்காதீர்கள் என்று மருத்துவமனையில் சொல்வதும் இதனால்தான்.

பெருமூளை வாதத்தில் பல வகை உண்டு. சிலருக்குக் கை கால்கள் தாமாகவே அசையும். சிலருக்குச் சமநிலை தடுமாறும். ஆனால் ஐவரில் நால்வருக்கும் மேல் இருப்பது தசை இறுக்க வகை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

மூளையில்தானே காயம்... கால் ஏன் மடங்குது?

மூளை தசைக்கு "சுருங்கு" என்று மட்டும் கட்டளை போடுவதில்லை. "போதும், விடு" என்றும் சொல்கிறது. அந்தப் பிரேக் பழுதானால் தசை தேவையில்லாதபோதும் இறுகுகிறது. வேகமாக நீட்டினால் இன்னும் இறுகுகிறது.

இது கதையின் முதல் பாதிதான். அடுத்த பாதி வளர்ச்சி.

பிறக்கும்போது குழந்தையின் நீளம் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். 4 வயதில் அது 100 சென்டிமீட்டரைத் தொடுகிறது. எலும்பு நீளும்போது தசையும் கூடவே நீள வேண்டும். அது எப்படி நீள்கிறது?

தசை நாருக்குள் சார்கோமியர் எனப்படும் மிகச் சிறிய அலகுகள் ரயில்பெட்டிகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 400 பெட்டிகள். எலும்பு வளர்ந்து தசையை இழுக்கும்போது புதிய பெட்டிகள் சேர்க்கப்படும், ரயில் நீளமாகும். ஓடி ஆடும் பிள்ளைக்கு இது தானாகவே நடக்கிறது.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்குப் புதிய பெட்டிகள் போதுமான அளவு சேர்வதில்லை. அதனால் இருக்கும் பெட்டிகளே அளவுக்கு மீறி இழுபடுகின்றன. இழுபட்ட சார்கோமியரால் பலமாகச் சுருங்க முடியாது. ஆகவே தசை இறுக்கமாகவும் இருக்கும், பலவீனமாகவும் இருக்கும்.

ஏன் சேர்வதில்லை? தசை வளரவும் பழுதுபார்க்கவும் உதவும் சேட்டிலைட் செல்கள் ஒரு காரணமாக இருக்கலாம். அமெரிக்காவின் சான் டியாகோ நகர ஆய்வாளர்கள், அறுவைச் சிகிச்சையின்போது எடுக்கப்பட்ட பின்தொடைத் தசைத் துண்டுகளை ஆராய்ந்தார்கள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் தசையில் அந்தச் செல்கள் மற்றப் பிள்ளைகளுக்கு இருப்பதில் பாதிகூட இல்லை. தசை நார்களைச் சுற்றிக் கொலாஜன் அதிகமாகச் சேர்ந்து, தசையைக் கெட்டியாக்குவதும் தெரியவந்தது.

இது எப்போ தொடங்குது?

பள்ளி வயதில் அல்ல. அதற்கு ரொம்ப முன்பே.

டென்மார்க்கில் அல்ட்ராசவுண்ட் மூலம் கெண்டைக்கால் சதையை அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய 15 மாத வயதிலேயே பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளின் தசை வளர்ச்சி பின்தங்கத் தொடங்கியிருந்தது. ஆஸ்திரேலியாவில் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது அந்தச் சதை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சிறியதாக இருந்தது.

அதாவது, பிள்ளை நடை பழகும் வயதிலேயே தசை பின்தங்கிவிடுகிறது. மடங்கிய முட்டியும் தூக்கிய குதிகாலும் கண்ணுக்குத் தெரிவது பல ஆண்டுகள் கழித்து. அதனால்தான் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம், அவங்க அப்பாகூட லேட்டாத்தான் நடந்தாரு" என்ற பேச்சு ஆபத்தானது.

எந்த அறிகுறியைக் கவனிக்கணும்?

குறைமாதக் குழந்தை என்றால் பிறந்த தேதியை அல்ல, பிறந்திருக்க வேண்டிய தேதியை வைத்து மாதத்தைக் கணக்கிட வேண்டும்.

- 4 மாதத்துக்குப் பிறகும் கைவிரல்கள் எந்நேரமும் இறுக மூடியிருப்பது
- 9 மாதத்திலும் பிடிக்காமல் உட்கார முடியாதது
- 12 மாதத்துக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது ("இடது கைக்காரன் போல" என்று விட்டுவிடக்கூடாது, அந்த வயதில் கைப்பழக்கம் தெரியக்கூடாது)
- துணி மாற்றும்போது கால்களை விரிக்க முடியாத அளவு விறைப்பு
- நிறுத்தும்போது எப்போதும் நுனிக்காலில் நிற்பது
- உடம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி அசையாதது

இவற்றில் ஒன்று இருந்தால் பெருமூளை வாதம் என்று அர்த்தமில்லை. மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று அர்த்தம். குழந்தையின் அசைவுகளைக் காணொளியில் பார்த்து மதிப்பிடுவது, நரம்புப் பரிசோதனை, எம்ஆர்ஐ ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இப்போது 6 மாதத்துக்கு முன்பேகூடக் கண்டறிய முடிகிறது. முன்பு 1 வயது, 2 வயது வரை காத்திருப்பது வழக்கம்.

என் பிள்ளை நடப்பானா?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஓரளவு பதில் சொல்ல ஓர் அளவுகோல் இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் அதை வெளியிட்டார்கள். அதில் ஐந்து நிலைகள் உண்டு. முதல் நிலையில் உள்ள பிள்ளை தானாகவே நடக்கும், ஓடும். மூன்றாம் நிலையில் உள்ள பிள்ளை கைத்தாங்கியைப் பிடித்து நடக்கும். ஐந்தாம் நிலையில் உள்ள பிள்ளைக்குத் தலையை நிறுத்தவும் உதவி தேவை.

அதே குழு ஒன்டாரியோ மாநிலத்தில் 657 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கண்காணித்து, 2002இல் வளர்ச்சி வரைபடங்களை வெளியிட்டது. முதல் நிலைப் பிள்ளைகள் எட்டக்கூடிய திறனில் 90 விழுக்காட்டை 5 வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள். ஐந்தாம் நிலைப் பிள்ளைகள் 3 வயதுக்குள்ளேயே அந்தக் கட்டத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சிறுவயதில் நோக்கம், திறனை வளர்ப்பது. பிறகு நோக்கம், பெற்ற திறனை இழக்காமல் காப்பது. இரண்டுக்கும் தசைதான் அடிப்படை.

என்னென்ன சிகிச்சை இருக்கு?

முதலிடம் பயிற்சிக்கு. சும்மா கையைக் காலை நீட்டி மடக்குவது அல்ல. பிள்ளை தானே முயன்று செய்வது. படி ஏற வேண்டுமா? படியிலேயே பழக வேண்டும். சட்டைப் பொத்தான் போட வேண்டுமா? பொத்தானோடுதான் பயிற்சி. பிள்ளை தேர்ந்தெடுத்த இலக்கு, நிஜமான பொருள்கள், நிறைய தடவை திரும்பச் செய்வது ஆகிய மூன்றும் இருந்தால் மூளையும் கற்கும், தசையும் வளரும்.

ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வித்தியாசமான முறை உண்டு. நன்றாக இயங்கும் கைக்குக் கையுறையோ கட்டோ போட்டு, மற்றக் கையை விளையாட வைப்பார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் ஆக வலுவான ஆதாரம் உள்ள சிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

தசைப் பலப் பயிற்சி. இறுக்கமான தசைக்குப் பலப் பயிற்சி கொடுத்தால் இன்னும் இறுகிவிடும் என்று முன்பு பயந்தார்கள். அப்படி நடப்பதில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்துவிட்டது.

கால் பிரேஸும் மாவுக்கட்டும். கணுக்காலைச் சரியான கோணத்தில் வைத்திருக்க பிளாஸ்டிக் பிரேஸ் உதவும். ஏற்கனவே குறுகிய கெண்டைக்கால் தசைக்கு, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோணத்தை மாற்றி மாற்றி மாவுக்கட்டுப் போடுவதுண்டு. பல மணிநேரம் மெதுவாக நீட்டியே வைத்திருப்பதால் தசைக்குப் புதிய பெட்டிகள் சேர்க்க வாய்ப்பு கிடைக்கிறது.

போடாக்ஸ் ஊசி. "அது முகச் சுருக்கத்துக்குப் போடறதாச்சே!" அதேதான். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞையை அது தடுக்கிறது. சில நாள்களில் தசை தளரும். பலன் 3, 4 மாதம் இருக்கும். ஆனால் போடாக்ஸ் தசையை வளர்க்காது. அது ஒரு ஜன்னலைத் திறந்துவிடுகிறது. அந்த மாதங்களில் பயிற்சியும் பிரேஸும் இல்லை என்றால் ஜன்னல் மூடிக்கொள்ளும். திரும்பத் திரும்பப் போட்டால் தசை மெலியக்கூடும் என்ற கவலையும் இருப்பதால், மருத்துவர்கள் இடைவெளி விட்டே போடுகிறார்கள்.

மருந்தும் நரம்பு அறுவைச் சிகிச்சையும். உடல் முழுதும் இறுக்கம் இருந்தால் பேக்லோஃபென் என்ற மருந்து தரலாம். அது தூக்கக் கலக்கம் தரும். அதனால் சிலருக்கு வயிற்றுத் தோலுக்கு அடியில் சிறு பம்ப் வைத்து, மருந்தை நேராக முதுகுத்தண்டுப் பகுதிக்கு அனுப்புகிறார்கள். கால்கள் மட்டும் இறுகிய சில பிள்ளைகளுக்கு, முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் உணர்வு நரம்பு இழைகளில் சிலவற்றை வெட்டும் சிகிச்சை பொருந்தும். எல்லாருக்கும் அல்ல. அதற்குப்பின் மாதக்கணக்கில் பயிற்சி தேவை, ஏனென்றால் இறுக்கம் போனதும் அடியில் இருந்த பலவீனம் வெளியே தெரியும்.

எலும்பு, தசைநாண் அறுவைச் சிகிச்சை. முன்பெல்லாம் ஓர் ஆண்டு கணுக்கால், அடுத்த ஆண்டு முட்டி, அதற்கடுத்த ஆண்டு இடுப்பு என்று அறுவைச் சிகிச்சை நடக்கும். ஒவ்வொரு பிறந்தநாளையும் மருத்துவமனையில் கழிக்கும் அந்த நிலையை, கனடாவின் எலும்பு மருத்துவர் மெர்சர் ராங் 'பிறந்தநாள் நோய்' என்று அழைத்தார். இப்போது நடையைக் கணினியில் ஆராய்ந்து, தேவையானதை ஒரே முறையில் செய்ய முயல்கிறார்கள். குதிகால் தசைநாணை அவசரப்பட்டு அதிகமாக நீட்டிவிட்டால், பிள்ளை பிறகு முட்டியை மடக்கிக் குனிந்தே நடக்க நேரிடலாம். அதனால் அறுவைச் சிகிச்சையை எப்போது செய்வது என்பது ரொம்ப முக்கியம்.

எண்ணெய் தேய்ச்சு நீவிவிட்டா சரியாயிடாதா?

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி. பாட்டி எண்ணெய் தேய்த்துவிடுவதில் தப்பில்லை. பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், நன்றாகத் தூங்கலாம். ஆனால் தசையின் நீளத்தை அது கூட்டாது. வலிக்க வலிக்க இழுத்து நீவுவது கூடாது.

பிசியோதெரபிஸ்ட் சில நிமிடம் கையால் நீட்டிவிடுவதும், அது மட்டுமே சிகிச்சை என்றால், பெரிதாகப் பலன் தருவதில்லை. நாளுக்குப் பத்து நிமிடம் நீட்டிவிட்டு, மிச்ச நேரம் பிள்ளையைத் தூக்கியே வைத்திருந்தால் தசைக்கு வளரக் காரணமே கிடைக்காது.

உயர் அழுத்த ஆக்சிஜன் அறைச் சிகிச்சையும் விளம்பரப்படுத்தப்படுகிறது. கனடாவில் 111 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2001இல் வெளிவந்தது. ஆக்சிஜன் பெற்ற பிள்ளைகளும், சற்றே அழுத்தம் கூட்டிய சாதாரணக் காற்றைப் பெற்ற பிள்ளைகளும் ஒரே அளவில்தான் முன்னேறினார்கள். ஸ்டெம் செல் சிகிச்சை இன்னும் ஆய்வுநிலையில் இருக்கிறது. வெளிநாட்டு மருந்தகம் ஒன்று பெரும்தொகை கேட்டு "நடக்க வெச்சுடுவோம்" என்று உறுதி கொடுத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

வலிக்கலையே, எதுக்கு எக்ஸ்ரே?

உள்தொடைத் தசை இறுகியே இருந்தால் தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியிலிருந்து மெல்ல மெல்ல நழுவும். தொடக்கத்தில் வலி தெரியாது. வலிக்கும்போது பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில ஆய்வில், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்கு மேல் இடுப்பு நழுவியிருந்தது. முதல் நிலையில் யாருக்கும் இல்லை. ஐந்தாம் நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கு இருந்தது. தெற்கு சுவீடனில் 1994இல் தொடங்கிய கண்காணிப்புத் திட்டம் வேறு பாடம் சொல்கிறது. குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து நேரத்தோடு கவனித்ததால் அங்கே இடுப்பு முழுவதும் நழுவுவது மிக அரிதாகிவிட்டது. ஆகவே "இவன்தான் நடக்கப்போறதில்லையே, எக்ஸ்ரே எதுக்கு?" என்று விடக்கூடாது. நடக்காத பிள்ளைக்குத்தான் அது ஆக அவசியம்.

வளர்ந்த பிறகு?

பதின்ம வயதில் உயரமும் எடையும் வேகமாகக் கூடும். தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. நேற்றுவரை நடந்த பிள்ளை சீக்கிரம் களைத்துப்போகலாம். "சோம்பேறி" என்று திட்டினால் அது நியாயமில்லை. பெருமூளை வாதம் உள்ளவர்களில் நால்வரில் மூவருக்கு வலி இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். தூரம் போகச் சக்கர நாற்காலி பயன்படுத்துவதும் தோல்வி அல்ல. சக்தியை எதற்குச் செலவழிப்பது என்ற தேர்வு அது.

இந்த வயதில் விளையாட்டு நல்ல சிகிச்சை. சிங்கப்பூரில் பிறந்த லொரென்ஷியா டானுக்குப் பெருமூளை வாதமும் செவிக்குறைபாடும் உண்டு. உடல்பயிற்சிச் சிகிச்சையாக 5 வயதில் குதிரையேறத் தொடங்கினார். 2008 பெய்ச்சிங் உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் அவர் வென்ற வெண்கலம், அந்தப் போட்டியில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் பதக்கம். பெருமூளை வாதம் உள்ளவர்களை மனத்தில் வைத்து உருவான போச்சியா விளையாட்டில், ஜெரலின் டான் 2024 பாரிஸ் போட்டியில் வெள்ளி வென்றார். எல்லாரும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. வாரத்தில் சில நாள் நீச்சலோ சைக்கிளோ போதும், உடம்பு அசைய வேண்டும்.

சிங்கப்பூரில் எங்கே தொடங்குவது?

- குழந்தை பிறந்ததும் தரும் சுகாதாரக் கையேட்டைப் பாருங்கள். வளர்ச்சிப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.
- சந்தேகம் இருந்தால் பலதுறை மருந்தகத்திலோ குழந்தை மருத்துவரிடமோ சொல்லுங்கள். அங்கிருந்து கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். கைத்தொலைபேசியில் எடுத்த காணொளி இருந்தால் கொண்டுபோங்கள்.
- பள்ளிக்குமுந்திய வயதுப் பிள்ளைகளுக்கு 'எய்பிக்' எனப்படும் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டம் உண்டு. மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும்.
- பாசிர் ரிஸில் உள்ள சிங்கப்பூர்ப் பெருமூளை வாதச் சங்கம் 1957இல் தொடங்கப்பட்டது. பள்ளி, சிகிச்சை, பெரியவர்களுக்கான திட்டங்கள் எல்லாம் அங்கே உண்டு.
- சக்கர நாற்காலி, நடைத்தாங்கி போன்ற சாதனங்களுக்கு 'எஸ்ஜி எனேபல்' அமைப்பு வழியாக உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை கிடைக்கலாம். வாழ்நாள் வரம்பு 40,000 வெள்ளி.

மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது? அடுத்த இடுப்பு எக்ஸ்ரே எப்போது? இந்த சிகிச்சையால் பிள்ளை தானாகவே எதைச் செய்யப்போகிறது? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை என்றால், அந்தச் சிகிச்சை உங்கள் பிள்ளைக்குத் தேவையா என்று பேசிப் பார்க்கலாம்.